நான் அவங்க நம்பர்

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
குடைக்கடியில் சிம் விற்ற பையன்
நல்ல நம்பர்ணா, கடைசியில ரெண்டு ஏழு என்றான்.
விரல் வைத்தேன். உடனே எடுத்தது.

முதல் செய்தி அரிசியைப் பற்றியது.
புழுங்கல் இருபது கிலோ, சர்க்கரை இரண்டு,
பாமாயில் ஒன்று.
நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன்.
எனக்குக் குடும்ப அட்டையே கிடையாது.

அடுத்தது:
தங்கள் மகன் தீனதயாளன், ஒன்பது ஆ,
இன்று பள்ளிக்கு வரவில்லை.
எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
புதனும் வரவில்லை, வியாழனும்.
எங்கே சுற்றுகிறானோ என்று
நான் போய்க் கவலைப்பட்டேன்.

பாபு ராவ் தெருவில் லாட்ஜ் கவுண்டர் என் வேலை.
கொல்கத்தாவிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து
காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கு
ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தருவேன்.
ஆளுக்கு முப்பது ரூபாய்.
அவர்கள் பாஸ்வேர்டெல்லாம்
என் கோடு போட்ட நோட்டில் இருக்கின்றன.
அவர்கள் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
ஓடிபி எஷேச்சே, தாதா?
வந்துச்சா?

பிறகு எனக்கும் வரத் தொடங்கியது.
அன்புள்ள அஞ்சலாட்சி,
உங்கள் பி.எஃப். கணக்குக்கான ஆறு இலக்கங்கள்.
பத்து நிமிடம் செல்லும்.
யாரிடமும் சொல்லாதீர்கள்.

சொல்லவில்லை.

ஒரே மாலையில் ஐந்து முறை வந்தது.
ஏதோ ஒரு ஈ-சேவை மையத்தில்
வந்துச்சாம்மா என்று ஒருவன் கேட்பதும்
வரலியே என்று ஒருத்தி நிற்பதும்
எனக்கு இங்கே கேட்டது.
என் உள்ளங்கையில் ஒளிர்ந்து ஒளிர்ந்து
அவள் பணம் காலாவதியானது.

பதில் அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை.
அந்தச் செய்திகளுக்கு வாய் உண்டு, காது கிடையாது.
உதவி எண்ணில் இரண்டை அழுத்தி, ஒன்பதை அழுத்தி,
இருபது நிமிடம் சங்கீதம் கேட்டபின்
ஒரு பெண் சொன்னாள்:
உங்க ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்.

ரேஷன் செய்தியில் கடையின் பெயர் இருந்ததே.
சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு
ஒடுகத்தூர் பஸ் ஏறினேன்.
அணைக்கட்டு தாண்டியதும்
என் போனிலும் ஒரு கோடுதான் மிச்சம்.

அஞ்சலாட்சி யாருங்க என்றதும்
வரிசையில் பேச்சு நின்றது.
இன்னா விசயம்? குழு லோனா?
இல்லீங்க.
கம்பெனி ஆளா?
இல்ல.
பின்ன நீ யாரு?
நான் அவங்க நம்பர் என்றேன்.

நான்காவதாக நின்றவள் திரும்பினாள்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம்.
கம்பெனி பஸ் வராமல் போன மாசம்
ரீசார்ஜும் போனது.
ஆதாரில் நம்பர் மாற்றக்
குடியாத்தத்துக்கு மூன்று நடை.
ஒரு நாள் டோக்கன் தீர்ந்தது,
மற்ற இரண்டு நாளும்
பசை தின்ற விரலை மெஷின் எடுக்கவில்லை.

அப்ப நீதானா
இத்தினி நாளா என் அரிசிய எண்ணிக்கினு இருந்தது?
சிரித்தாள்.
நானும் சிரித்துக்கொண்டே,
தயாளன் ஸ்கூலுக்குப் போறதில்லைங்களே என்றேன்.

அது அவளுக்குத் தெரியாது.

எத்தினி நாளு?
பதினோரு நாள். தேதியோடு சொன்னேன்.
பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
வரிசை நகர்ந்தும் அவள் நகரவில்லை.

திங்கக்கெழம பத்து மணிக்கு மையத்துக்குப் போறேன்.
பக்கத்து ஊட்டு போன்ல கூப்புடுவேன்,
எடுப்பியா?

இன்று திங்கள்.
கவுண்டரில் ஆறு பேர்.
போனை எல்லோர் கண்ணிலும் படும்படி
நடுவில் வைத்திருக்கிறேன்.
பத்து ஏழு. பத்து பதினெட்டு.
சர்வரோ, கரண்ட்டோ,
பக்கத்து வீட்டில் பூட்டோ.

ஒன்பதரைக்கு வர வேண்டிய ஒரு செய்தி மட்டும்,
தங்கள் மகன் வரவில்லை என்பது,
இன்றைக்கு வரவில்லை.

ஃபைலை மார்போடு அணைத்து நிற்கும் தாதா
என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்கிறார்:
எஷேச்சே?